ரன்னிங் டோட்டல்: வரவு செலவு ஷீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்புச் சங்கம், மகளிர் குழு, திருவிழாக் குழு என்று பொதுப்பணத்துக்குக் கணக்கு எழுதுகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றில் முக்கியமானது ரன்னிங் டோட்டல், அதாவது ஒவ்வொரு வரியிலும் அதுவரையான இருப்பைக் காட்டுவது. ஒவ்வொரு முறையும் போனில் விளக்குவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தொகுத்தேன். எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டுக்கும் பொருந்தும். ஒன்றில் மட்டும் வேலை செய்வதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

எல்லாப் பதிலுக்கும் ஒரே ஷீட்தான்: ஏ தேதி, பி விவரம், சி வரவு, டி செலவு, இ இருப்பு. முதல் வரி தலைப்பு, பதிவுகள் 2-ஆம் வரியில் தொடங்கும். ஃபார்முலாக்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். தட்டும்போது அதே பெயர்களை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

| தேதி | விவரம் | வரவு | செலவு | இருப்பு |
|---|---|---|---|---|
| 03-04-2025 | பராமரிப்புக் கட்டணம் | 12,000 | | 30,250 |
| 05-04-2025 | தண்ணீர் லாரி | | 1,800 | 28,450 |
| 07-04-2025 | காவலாளி சம்பளம் | | 14,000 | 14,450 |

(ஆரம்ப இருப்பு 18,250 ரூபாய். அதை எங்கே எழுதுவது என்பது 6-ஆம் கேள்வியில்.)

1. மாசக் கடைசியில ஒரு மொத்தம் போட்டா போதாதா? எதுக்கு ஒவ்வொரு வரியிலயும் இருப்பு?

மாதக் கடைசி மொத்தம் கடைசி நாளைப் பற்றி மட்டும்தான் சொல்லும். 7-ஆம் தேதி சம்பளம் கொடுக்கும்போது கையில் எவ்வளவு இருந்தது, லிஃப்ட் பராமரிப்புக்குச் செக் கொடுத்த அன்று கணக்கில் பணம் இருந்ததா என்பதெல்லாம் ஒவ்வொரு வரியிலும் இருப்பு இருந்தால்தான் தெரியும்.

அதைவிடப் பெரிய பயன், தப்பைக் காட்டிக்கொடுப்பது. ரொக்கப் பெட்டியில் இருக்கும் பணம் பூஜ்யத்துக்குக் கீழே போகவே முடியாது. ஆனால் உங்கள் ரொக்கக் கணக்கில் 12-ஆம் தேதி மைனஸ் 600 என்று காட்டுகிறது என்றால், ஒரு வரவை எழுத மறந்திருக்கிறீர்கள், அல்லது தேதி மாறியிருக்கிறது, அல்லது யாரோ சொந்தப் பணத்தைப் போட்டுச் செலவு செய்திருக்கிறார்கள். மாதக் கடைசி மொத்தம் சரியாக வந்துவிட்டால் இது எதுவும் வெளியே தெரியாது.

2. சரி, எந்த ஃபார்முலா போடணும்?

இ2 கட்டத்தில் இதை எழுதுங்கள்:

=சம்(சி$1:சி2)-சம்(டி$1:டி2)

பிறகு கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சின்னப் புள்ளியைப் பிடித்துக் கீழே இழுங்கள். 3-ஆம் வரியில் அது தானாக சி$1:சி3 என்று மாறும், 4-இல் சி$1:சி4. ஒவ்வொரு வரியும் "தொடக்கத்திலிருந்து இதுவரை வந்த வரவு, கழித்தல் இதுவரை ஆன செலவு" என்று கணக்கிடும்.

3. அந்த டாலர் குறி என்ன? நாம ரூபாய்லதானே எழுதுறோம்?

அதற்கும் பணத்துக்கும் சம்பந்தமில்லை. ஃபார்முலாவை இழுக்கும்போது அதில் உள்ள வரி எண்கள் எல்லாம் கூடவே நகரும். எது நகரக்கூடாதோ அதன் முன்னால் $ போடுகிறோம், அவ்வளவுதான். சி$1 என்றால் 1-ஆம் வரியை விட்டு அசையாதே என்று பொருள். இன்னொரு முனையான சி2-வில் குறி இல்லாததால் அது மட்டும் இறங்கிக்கொண்டே போகும்.

விண்டோஸில் ஃபார்முலா எழுதும்போது எஃப்4 விசையைத் தட்டினால் குறி தானாக வரும். மறுபடி மறுபடி தட்டினால் சி, 1 இரண்டுக்கும், 1-க்கு மட்டும், சி-க்கு மட்டும் என்று மாறி மாறிப் போடும். சில லேப்டாப்களில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

4. சி1 தலைப்புதானே? "வரவு"ங்கிற வார்த்தையை எப்படிக் கூட்டும்?

கூட்டாது. சம் ஒரு வரம்பைக் கூட்டும்போது அதில் உள்ள எழுத்துகளைக் கண்டுகொள்ளாது. அதனால்தான் தைரியமாகத் தலைப்பிலிருந்து தொடங்குகிறோம்.

சி$2 என்று தொடங்கினாலும் இன்றைக்கு விடை சரியாகவே வரும். ஆனால் நாளைக்கு "ஏப்ரல் 1-ஆம் தேதி பதிவு ஒன்று விட்டுப்போச்சு" என்று தலைப்புக்குக் கீழே ஒரு புது வரி நுழைத்தால், எல்லா ஃபார்முலாவும் சி$3 என்று நகர்ந்து, அந்தப் புது வரியை விட்டுவிடும். தலைப்பிலிருந்து தொடங்கினால் நுழைக்கும் வரி எப்போதும் உள்ளேதான் விழும்.

5. நான் எப்பவும் "மேல் இருப்பு + வரவு − செலவு"ன்னு போடுவேன், =இ2+சி3-டி3. சரியாத்தான் வருது. இதுல என்ன தப்பு?

நோட்டுப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதுவோம், ஆகவே எல்லோருக்கும் முதலில் இதுதான் தோன்றும். வரிசையாக எழுதிக்கொண்டே போய் பழைய வரிகளைத் தொடவே மாட்டீர்கள் என்றால் தப்பே இல்லை. தொட்டால்தான் வம்பு.

ஒரு வரியை நீக்கினால் அதற்குக் கீழே உள்ள இருப்பு முழுவதும் #ரெஃப்! என்று ஆகிவிடும். இதுகூடப் பரவாயில்லை, கண்ணில் படும். நடுவில் ஒரு வரியை நுழைத்தால் நடப்பதுதான் மோசம். 3-ஆம் வரியாகப் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், முன்பு 3-ஆக இருந்த வரி 4-ஆக இறங்கும். ஆனால் அதன் ஃபார்முலா இன்னும் இ2-வையே பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் சேர்த்த வரியின் தொகை கீழே எங்கேயும் சேராது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. அடுத்த மாதம் வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்க்கும்போது தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

வரிசைப்படுத்தும்போதும் சிக்கல் உண்டு. முதல் வரியில் =சி2-டி2, மற்ற வரிகளில் வேறு ஃபார்முலா என்று வைத்திருப்பார்கள். தேதி வாரியாக அடுக்கியதும் முதல் வரியின் ஃபார்முலா நடுவில் எங்கேயோ போய் உட்கார்ந்து, அங்கிருந்து இருப்பு புதிதாகத் தொடங்கிவிடும். எந்த முறையைப் பின்பற்றினாலும் சரி, எல்லா வரியிலும் ஒரே ஃபார்முலா இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் பிடிவாதமாக இருக்கும் விஷயம் இது ஒன்றுதான்.

6. போன வருஷ இருப்பை எங்க எழுதுறது? முதல் வரியில வரவா காட்டலாமா?

காட்டலாம், இருப்பு சரியாக வரும். ஆனால் ஆண்டுக் கூட்டத்தில் "இந்த வருஷம் மொத்த வரவு எவ்வளவு?" என்று கேட்டால், போன வருடப் பணமும் சேர்ந்து நிற்கும். யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார்.

அதனால் ஓரமாக எச்1 கட்டத்தில் ஆரம்ப இருப்பைத் தனியாக எழுதிவிட்டு ஃபார்முலாவில் சேர்த்துக்கொள்ளுங்கள்:

=$எச்$1+சம்(சி$1:சி2)-சம்(டி$1:டி2)

இங்கே இரண்டு டாலர் குறி எதற்கு என்பது 3-ஆம் பதிலிலிருந்தே புரிந்திருக்கும்: எச்1 எந்தப் பக்கமும் நகரக்கூடாது.

7. அக்கா, ஃபார்முலாவை 500 வரி வரைக்கும் இழுத்துவிட்டேன். எழுதாத வரியிலயும் கடைசி இருப்பே திரும்பத் திரும்ப வருது. அசிங்கமா இருக்கு.

தொகை எழுதாத வரியை வெறுமையாக விடச் சொல்லலாம்:

=ஐஎஃப்(கவுண்ட்(சி2:டி2)=0,"",$எச்$1+சம்(சி$1:சி2)-சம்(டி$1:டி2))

வரவு, செலவு இரண்டிலும் எண் இல்லையென்றால் இருப்பு காலியாக நிற்கும். 5-ஆம் கேள்வியில் உள்ள "மேல் இருப்பு" முறையில் இதைச் செய்தால், நடுவில் காலி வரி வந்ததுமே அடுத்த வரி #வேல்யூ! என்று அலறும். வெறுமையாகத் தெரியும் அந்தக் கட்டத்தில் இருப்பது எழுத்து வகை, அதோடு எண்ணைக் கூட்ட முடியாது.

8. தொகை எழுதியிருக்கேன், ஆனா இருப்பு அசையவே இல்ல. ஷீட் கெட்டுப்போச்சா?

ஷீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் எழுதியதை அது எண்ணாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊரில் இதற்கு முதல் காரணம் "1800/-" என்று எழுதும் பழக்கம். அந்தக் கோடும் சிறுகோடும் சேர்ந்ததும் அது எழுத்தாகிவிடும். "ரூ.1800" என்று எழுதினாலும் அதே கதிதான். வங்கியிலிருந்து இறக்கிய அறிக்கையில் எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டு வருவது அடுத்த காரணம்.

கண்டுபிடிக்கச் சுலப வழி: நீங்கள் இடம் வலம் சீரமைப்பை மாற்றியிருக்காவிட்டால் எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். எக்செல்லில் அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய் நேராக ஃபினிஷ் தட்டினால் எழுத்தாக நிற்கும் எண்கள் பெரும்பாலும் எண்ணாக மாறிவிடும். "/-" போன்றவற்றை ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் வைத்து நீக்குங்கள்.

எக்செல்லில் எந்த வரியிலுமே இருப்பு மாறவில்லை என்றால் ஃபார்முலாஸ் மெனுவில் கால்குலேஷன் ஆப்ஷன்ஸ் "மேனுவல்" ஆகியிருக்கும். ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள்.

9. தேதி வாரியா அடுக்கினேன், ஏப்ரல் பதிவெல்லாம் எங்கெங்கேயோ போயிடுச்சு. ஏன்?

ஷீட் அமெரிக்கத் தேதி முறையில் இருக்கிறது. நீங்கள் 05/04/2025 என்று ஏப்ரல் 5-ஐ எழுதினீர்கள், அது மே 4 என்று எடுத்துக்கொண்டது. 13/04/2025 என்று எழுதினால் 13-ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அதைத் தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக விட்டுவிட்டது. ஆகவே மாதத்தின் முதல் 12 நாட்கள் தப்பான மாதத்திலும் மீதி நாட்கள் அடியிலும் போய்ச் சேரும்.

கூகுள் ஷீட்ஸில் ஃபைல், செட்டிங்ஸ், லொக்கேல் போய் இந்தியா என்று மாற்றுங்கள். எக்செல் விண்டோஸின் ரீஜன் அமைப்பைப் பின்பற்றும். ஏற்கெனவே தப்பாகப் பதிந்த தேதிகள் இதனால் தானாகத் திருந்தாது, திரும்ப எழுதத்தான் வேண்டும்.

10. ரொக்கம் தனியா, வங்கி தனியா இருப்பு வேணும். ரெண்டு ஷீட் வைக்கணுமா?

வேண்டாம். எஃப் நெடுவரிசையில் "ரொக்கம்" அல்லது "வங்கி" என்று எழுதி, ஜி நெடுவரிசையில் இதைப் போடுங்கள்:

=சம்ஐஎஃப்(எஃப்$1:எஃப்2,எஃப்2,சி$1:சி2)-சம்ஐஎஃப்(எஃப்$1:எஃப்2,எஃப்2,டி$1:டி2)

இந்த வரி ரொக்கம் என்றால் இதுவரையிலான ரொக்க இருப்பு, வங்கி என்றால் வங்கி இருப்பு. ஆரம்ப இருப்பும் இரண்டாகப் பிரியும் என்பதால், இந்த அமைப்பில் மட்டும் எச்1-ஐக் காலி செய்துவிட்டு, முதல் இரண்டு வரிகளில் "ஆரம்ப இருப்பு" என்ற விவரத்தோடு வரவாக எழுதுவதே எளிது. 6-இல் சொன்ன சிக்கல் வரும்தான், மொத்த வரவு சொல்லும்போது அந்த இரண்டு வரிகளையும் கழித்துச் சொல்லுங்கள்.

வங்கியிலிருந்து 5,000 எடுத்து ரொக்கப் பெட்டியில் வைத்தால் இரண்டு வரி எழுத வேண்டும்: வங்கியில் செலவு 5,000, ரொக்கத்தில் வரவு 5,000. சங்கத்தின் மொத்த இருப்பு மாறாது. இந்த ஜோடியையும் வருட வரவு செலவில் சேர்க்கக்கூடாது.

11. அதே ஃபார்முலாதான் போட்டேன். சில ரொக்க வரிகளை மட்டும் சேர்க்க மாட்டேங்குது. எழுத்துப் பிழையும் இல்லையே?

"ரொக்கம்" என்பதற்குப் பின்னால் ஒரு இடைவெளி இருந்தாலே போதும், அது வேறு சொல். தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. "ரொ" என்பதில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ந்ததாகவும் பதியலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. உங்கள் விசைப்பலகை ஒரு விதம், செயலாளருடைய போன் இன்னொரு விதம் என்றால், ஷீட் இரண்டையும் ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது.

யாரையும் தட்டவே விடாதீர்கள். டேட்டா வேலிடேஷன் போட்டு, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க மட்டும் வழி செய்யுங்கள்.

12. ஒவ்வொரு மாசமும் இருப்பு பூஜ்யத்துல இருந்து தொடங்கணும். நிதியாண்டுக்கும் அப்படி முடியுமா?

பண இருப்பைப் பூஜ்யமாக்குவதில் பொருளில்லை, பணம் எங்கேயும் போய்விடவில்லையே. "இந்த மாதம் இதுவரை எவ்வளவு செலவு" என்பதற்கு இது சரி:

=சம்ஐஎஃப்எஸ்(டி$1:டி2,ஏ$1:ஏ2,">="&டேட்(இயர்(ஏ2),மந்த்(ஏ2),1))

ஏப்ரல் 1-இல் தொடங்கும் நிதியாண்டுக்கு டேட் பகுதியை மட்டும் டேட்(இயர்(ஏ2)-(மந்த்(ஏ2)<4),4,1) என்று மாற்றுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள பதிவுகளுக்கு ஆண்டில் ஒன்று குறைந்து, முந்தைய ஏப்ரலிலிருந்து கூட்டும். தேதிகள் வரிசையாக இருந்தால்தான் இது சரியாக வரும். 9-ஆம் கேள்வியில் சொன்ன கோளாறு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

13. தண்ணீர் லாரியை மட்டும் ஃபில்டர் பண்ணிப் பார்க்கிறேன். இருப்பு பழைய மாதிரியே நிக்குதே?

சம் மறைந்த வரிகளையும் கூட்டும். தெரிகிற வரிகளை மட்டும் கூட்ட =சப்டோட்டல்(109,டி$1:டி2) என்று ஒரு தனி நெடுவரிசையில் போடுங்கள். லாரிக்கு இதுவரை எவ்வளவு போனது என்று ஏறிக்கொண்டே வரும். இருப்பு நெடுவரிசையில் இதைப் போடாதீர்கள். ஃபில்டர் போட்ட நிலையில் யாராவது பிரின்ட் எடுத்தால் அது சங்கத்தின் இருப்பாகவே போய்விடும்.

14. எக்செல்ல டேபிளா மாத்தினேன். புது வரி சேர்த்தா மேல் வரியோட இருப்பு மாறுதே, பேயா?

பேய் இல்லை, இது தெரிந்த கோளாறு. கன்ட்ரோல்+டி (டேபிள் என்பதன் முதல் எழுத்தான டி, டி நெடுவரிசையின் டி அல்ல) போட்டு உருவாக்கிய டேபிளின் அடியில் புது வரி சேர்க்கும்போது, அதுவரை கடைசியாக இருந்த வரியின் சி$1:சி20 போன்ற வரம்பை எக்செல் தானாக நீட்டி சி$1:சி21 ஆக்கிவிடும். டேபிளுக்குள் இப்படி எழுதினால் அந்தத் தொல்லை வராது:

=சம்(இன்டெக்ஸ்([வரவு],1):[@வரவு])-சம்(இன்டெக்ஸ்([செலவு],1):[@செலவு])

எச்1-ஐ முன்பு போலவே சேர்த்துக்கொள்ளலாம். நெடுவரிசைத் தலைப்பு தமிழில் இருந்தாலும் தடையில்லை.

15. பதிவு பத்தாயிரம் தாண்டிடுச்சு. ஷீட் திணறுது.

2-ஆம் பதிலின் முறையில் ஒவ்வொரு வரியும் தொடக்கத்திலிருந்து கூட்டுகிறது. 10,000 வரி என்றால் ஒரு நெடுவரிசைக்கே சுமார் 5 கோடி கூட்டல். குடியிருப்புச் சங்கத்துக்கு இவ்வளவு பதிவு சேரப் பல ஆண்டுகள் ஆகும், கடைக் கணக்கு என்றால் சீக்கிரமே வந்துவிடும்.

அப்போது மேல் இருப்பு முறைதான் வேகம். அதையே உடையாதபடி எழுதலாம்: =சம்(ஆஃப்செட்(சி3,-1,2),சி3)-சம்(டி3). சி3-இலிருந்து ஒரு வரி மேலே, இரண்டு கட்டம் வலப்பக்கம் என்று முகவரி சொல்வதால், வரி நுழைத்தாலும் நீக்கினாலும் எப்போதும் தனக்கு நேர் மேலே உள்ள இருப்பையே எடுக்கும். நுழைத்த வரியிலும் ஃபார்முலாவை நிரப்ப மறக்கக்கூடாது. ஆரம்ப இருப்பை இ2-வில் எண்ணாக எழுதிவிட்டு 3-ஆம் வரியில் பதிவைத் தொடங்குங்கள், வரிசைப்படுத்தும்போது 2-ஆம் வரியை விட்டுவிடுங்கள்.

புதிய மைக்ரோசாஃப்ட் 365 எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் ஸ்கேன் என்று ஒன்று உண்டு. செலவை மைனஸ் எண்ணாக, எல்லாத் தொகையையும் சி-யிலேயே எழுதுவதாக இருந்தால் =ஸ்கேன்($எச்$1,சி2:சி500,லாம்டா(எக்ஸ்,ஒய்,எக்ஸ்+ஒய்)) என்று முதல் கட்டத்தில் மட்டும் போட்டால் கீழே எல்லாம் தானாக நிரம்பும். ஒரே ஃபார்முலா என்பதால் நடுவில் ஒரு வரி மட்டும் சத்தமில்லாமல் கெட்டுப்போகாது, யாராவது நடுவில் எதையாவது எழுதினால் பிழைச் செய்தி வந்துவிடும். எக்செல் 2016, 2019, 2021-இல் இது கிடையாது.

16. எல்லாத்தையும் கழிச்சா பூஜ்யம் வரணும். "-0.00"ன்னு வருது. யாராவது பைசாவைச் சுட்டுட்டாங்களா?

பத்துப் பைசா, அதாவது 0.1 என்பதை இரும எண் முறையில் முழுமையாக எழுத முடியாது. கணினி மிக நெருங்கிய ஒரு எண்ணை வைத்துக்கொள்கிறது. வட்டி, ஜிஎஸ்டி என்று பைசாவோடு வரும் தொகைகளைக் கூட்டக் கூட்ட அந்தத் துணுக்குகள் சேர்ந்து கடைசியில் எட்டிப் பார்க்கும். முழு ஃபார்முலாவையும் ரவுண்டு(…,2) என்பதற்குள் வைத்துவிட்டால் தீர்ந்தது. இரண்டு இருப்புகள் சமமா என்று ஃபார்முலா வைத்து ஒப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

17. எங்க குழுவுல நாலு பேர் எழுதுறோம். ஒருத்தர் இருப்புக் கட்டத்துல கையாலேயே தொகையை எழுதிடுறார்.

அவர் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார், ஆனால் அந்த வரியில் ஃபார்முலா போய்விட்டது. கூகுள் ஷீட்ஸில் இ நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் ப்ரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ் வழியாகப் பூட்டிவிடுங்கள். ஓரத்தில் இன்னொரு கட்டத்தில் =எச்1+சம்(சி:சி)-சம்(டி:டி) என்று போட்டு வைத்தால், கடைசி வரி இருப்போடு அது ஒத்துப்போகிறதா என்று ஒரு பார்வையிலேயே தெரியும். ஒத்துப்போகாவிட்டால் கடைசி வரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அது சரியாக இருந்தாலும் நடு வரிகளில் கையால் எழுதிய தொகை இருக்கலாம், ஆகவே இ-யைக் கீழே வரை இழுத்துப் புதுப்பித்துவிடுங்கள்.

18. ஃபார்முலா எல்லாம் சரி. ஆனாலும் பாஸ்புக்குக்கும் ஷீட்டுக்கும் வித்தியாசம் வருது. ஒவ்வொரு வரியா பார்க்கணுமா?

வேண்டாம், ரன்னிங் டோட்டல் இதற்குத்தான் உதவும். பாஸ்புக்கிலும் ஒவ்வொரு வரியிலும் இருப்பு இருக்கிறது. மாதத்தின் நடுவில் ஒரு தேதியை எடுத்து இரண்டு இருப்பையும் பாருங்கள். ஒத்துப்போனால் தப்பு பிற்பாதியில், இல்லையென்றால் முற்பாதியில். அந்தப் பாதியின் நடுவில் மறுபடி பாருங்கள். 100 பதிவு இருந்தாலும் ஏழெட்டுப் பார்வையில் வரி சிக்கிவிடும். கொடுத்த செக் இன்னும் வங்கிக்குப் போகாமல் இருந்தால் வரும் வித்தியாசம் தப்பு இல்லை, அதை முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

வித்தியாசத் தொகையே சில நேரம் காரணத்தைச் சொல்லிவிடும். அது 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம்: 5,400-ஐ 4,500 என்று எழுதினால் வித்தியாசம் 900. வித்தியாசத்தில் சரிபாதித் தொகையுள்ள பதிவு ஒன்று இருந்தால், அது செலவுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கும்: லாரிக்குக் கொடுத்த 1,800 வரவில் விழுந்தால் இருப்பு 3,600 கூடுதலாகக் காட்டும். இந்த 3,600-உம் 9-ஆல் வகுபடும் என்பதால், முதலில் பாதித் தொகையைத் தேடிவிட்டு அப்புறம் இலக்கத்தைச் சந்தேகப்படுங்கள். வித்தியாசம் அப்படியே ஒரு பதிவின் தொகையாக இருந்தால், அது ஒருமுறை விட்டுப்போயிருக்கும் அல்லது இரண்டு முறை ஏறியிருக்கும்.